ஃபூஜி மலை ஏறப் போகிறீர்களா? முதலில் குடிலைப் பிடியுங்கள், அப்புறம் விமான டிக்கெட்

ஃபூஜி மலை 3,776 மீட்டர் உயரம். ஏறுவதற்குக் கயிறு வேண்டாம், பாறை ஏறும் பயிற்சி வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிற பழக்கமும் நல்ல முழங்காலும் இருந்தால் போதும். சிரமமெல்லாம் மலைக்குக் கீழேதான் இருக்கிறது: எந்தப் பாதை, எந்த முன்பதிவு, எத்தனை மணிக்குள் வாயிலைத் தாண்ட வேண்டும், எவ்வளவு சில்லறை வேண்டும்.

இதில் குழப்பம் வரக் காரணம் உண்டு. மலையின் வடபுறம் யமனாஷி மாகாணத்தில் இருக்கிறது, தென்புறம் ஷிசுவோகா மாகாணத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி பதிவு முறை. 2024லும் 2025லும் விதிகள் பெரிதாக மாறின. அதற்கு முன்னால் எழுதிய குறிப்புகளும் எடுத்த காணொளிகளும் இணையம் முழுக்க இன்னும் உலவுகின்றன. "இரவு பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தால் விடியலுக்கு உச்சியில் இருக்கலாம், முன்பதிவு எதுவும் தேவையில்லை" என்று ஒரு பயண முகவர் என்னிடம் அடித்துச் சொன்னார். அது இப்போது நடக்காது. இதையெல்லாம் தேடித் தேடிச் சேர்க்க நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

கீழே உள்ள கட்டணங்களும் நேரங்களும் 2025 பருவத்துக்கு உரியவை. ஒவ்வொரு கோடைக்கும் இரு மாகாணங்களும் புதிதாக அறிவிக்கின்றன. அதனால் கிளம்பும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

மலை திறந்திருப்பது கோடையில் மட்டும்தான். வடபுறத்து யோஷிதா பாதை ஜூலை 1 முதல் செப்டம்பர் 10 வரை திறந்திருக்கும். தென்புறத்து மூன்று பாதைகளும் ஜூலை 10 முதல் செப்டம்பர் 10 வரை. மற்ற மாதங்களில் பாதை மூடப்பட்டிருக்கும், மலையில் இரவு தங்கும் இடங்களான குடில்களும் பூட்டியிருக்கும். ஏப்ரலில் செர்ரிப் பூ பார்க்கப் போகிறவர்கள் "அப்படியே ஃபூஜியும் ஏறிவிடலாம்" என்று நினைக்க வேண்டாம். அப்போது மேலே கெட்டிப் பனி, கடுங்காற்று. அது பயிற்சி பெற்றவர்களையே பலி வாங்கும் இடம்.

திறந்திருக்கும் இரண்டு மாதமும் ஒரே மாதிரி இருக்காது. ஜூலை நடு வரை மழைக்காலம் நீளும். உச்சியை ஒட்டிப் பனி மிச்சமிருந்தால் மேல் பகுதி திறப்பது தள்ளியும் போகும். ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை. ஜப்பான் முழுக்க ஊருக்குப் போகிற நேரம் அது, மலையிலும் கூட்டம் பிதுங்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து புயல் கவலை தொடங்கும். செப்டம்பர் பிறந்ததும் சில குடில்கள் மூடத் தொடங்கிவிடும். என்னைக் கேட்டால் ஜூலை கடைசி வாரம் அல்லது ஆகஸ்ட் முதல் வாரம், அதுவும் திங்கள் முதல் வியாழனுக்குள். சனிக்கிழமை இரவைத் தவிர்த்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

பயணத் திட்டத்தில் மலைக்கு அடுத்த நாளையும் காலியாக வையுங்கள். மழை, காற்று வந்தால் ஒருநாள் தள்ளிப்போட இடம் இருக்கும். கால் வலி தீரவும் அந்த நாள் தேவைப்படும்.

2. பாதையைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு பாதைகள். ஒவ்வொன்றும் ஒரு "ஐந்தாம் நிலை"யில் தொடங்குகிறது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை மலையைப் பத்து நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், பேருந்து ஐந்தாம் நிலை வரை போகும். எல்லாப் பாதையின் ஐந்தாம் நிலையும் ஒரே உயரத்தில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். புதியவர்கள் ஏமாறுகிற முதல் இடம் இதுதான்.

யோஷிதா ஏறத்தாழ 2,300 மீட்டரில் தொடங்குகிறது. ஏற ஆறு மணி நேரம், இறங்க நான்கு. குடில்கள் அதிகம், முதலுதவி நிலையம் உண்டு, டோக்கியோவிலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. கூட்டமும் இங்கேதான். முதல்முறை ஏறுகிறவர்களுக்கு இதையே சொல்வேன். உடன் வருபவர் யாருக்காவது முடியாமல் போனால் சிறிது தூரத்தில் ஒரு கூரை இருக்கிறது என்பது பெரிய தைரியம்.

சுபாஷிரி ஏறத்தாழ 2,000 மீட்டரில், காட்டுக்குள் தொடங்குகிறது. மற்ற பாதைகளில் கொஞ்ச நேரத்திலேயே மரம் முடிந்து வெறும் எரிமலைக் கல்தான். இங்கே வெகுதூரம் பசுமையோடு நடக்கலாம். மேலே போகப் போக மரங்கள் குட்டையாகிக்கொண்டே வரும். காற்றடிக்கும் பக்கம் கிளையே இல்லாமல், மறுபக்கம் மட்டும் கொடி பிடித்ததுபோல் கிளைவிட்ட லார்ச் மரங்களைப் பார்ப்பீர்கள். அதற்கு மேலே கருஞ்சரளையில் அங்கங்கே திட்டுத்திட்டாக ஒரு செடி மட்டும். இயற்கை பார்க்க வருகிறவர்களுக்கு நான்கில் இதுதான் சிறந்தது. மூடுபனியில் வழி தவறும் ஆபத்தும் இங்கே அதிகம். 3,400 மீட்டருக்கருகில் எட்டாம் நிலையில் இது யோஷிதா பாதையோடு சேர்கிறது.

ஃபுஜினோமியா ஏறத்தாழ 2,400 மீட்டரில் தொடங்கும், நான்கில் குட்டையான பாதை. ஏற ஐந்து மணி நேரம், இறங்க மூன்று. குட்டை என்பதால் எளிது என்று அர்த்தமில்லை. செங்குத்தாக, பாறையும் படியுமாகவே போகும். வேகமாக உயரம் கூடுவதால் தலைவலி சீக்கிரம் பிடிக்கும். ஏறுவதும் இறங்குவதும் ஒரே வழி. ஷின்கான்சென் ரயிலில் ஷின்-ஃபூஜி அல்லது மிஷிமா வந்து, அங்கிருந்து பேருந்து.

கோதெம்பா ஏறத்தாழ 1,440 மீட்டரில் தொடங்கும். அதாவது 2,300 மீட்டர் உயரத்தைக் காலாலேயே கடக்க வேண்டும். ஏற ஏழெட்டு மணி நேரம். கீழ்ப்பகுதி விட்டால் ஏழாம் நிலை வரை குடில், கழிப்பறை, தண்ணீர் எதுவும் கிடையாது. "கூட்டம் இல்லாத பாதை" என்று எங்காவது படித்துவிட்டு முதல்முறையே இதற்குப் போகாதீர்கள்.

வழிகாட்டிப் பலகைகளில் பாதைக்கு ஒரு நிறம்: யோஷிதா மஞ்சள், சுபாஷிரி சிவப்பு, கோதெம்பா பச்சை, ஃபுஜினோமியா நீலம். உங்கள் நிறத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இறங்கும்போது இதுதான் காப்பாற்றும்.

3. குடிலைப் பிடியுங்கள்

விமான டிக்கெட்டுக்கு முன் இதைச் செய்யுங்கள். குடில் முன்பதிவு இருந்தால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும், இல்லாவிட்டால் எல்லாமே நெருக்கடி. காரணம், பாதை தொடங்கும் இடத்தில் உள்ள வாயிலின் விதி. நான்கு பாதைகளிலும் பிற்பகல் 2 மணி முதல் மறுநாள் அதிகாலை 3 மணி வரை, குடில் முன்பதிவு இல்லாதவர்களை மேலே விடுவதில்லை. யோஷிதாவில் கூடுதலாக ஒரு நாளைக்கு 4,000 பேர் என்ற உச்சவரம்பும் உண்டு. குடிலில் தங்குகிறவர்களுக்கு அந்த வரம்பும் நேரக் கட்டுப்பாடும் இல்லை.

முன்பதிவு ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கும். வார இறுதி இடங்கள் வெகுவிரைவில் தீர்ந்துவிடும். பெரும்பாலான குடில்களுக்கு ஆங்கிலத்தில் பதிவுசெய்ய வழி இருக்கிறது. ஒருவருக்கு இரவு உணவோடு ஏறத்தாழ 10,000 முதல் 17,000 யென் வரை ஆகும். பதிவுக்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள்.

எந்த உயரத்தில் இருக்கிறது? யோஷிதாவில் ஏழாம் நிலைக் குடில்கள் 2,700 மீட்டரில் தொடங்குகின்றன, எட்டாம் நிலையில் 3,100 முதல் 3,400 வரை. மேலே தங்கினால் விடியலுக்கு முந்தைய நடை குறையும், ஆனால் தூக்கமும் கெடும். முதல்முறை என்றால் 3,100 மீட்டர் அளவில் தங்குவது நல்லது.

ரத்துசெய்தால் பணம் திரும்புமா? முன்பணம் முழுவதும் வாங்கும் குடில்கள் உண்டு. மழைக்கு ரத்து என்றால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சாப்பாடு என்ன? பெரும்பாலும் ஜப்பானிய 'கர்ரி ரைஸ்', அதாவது குழம்பு ஊற்றிய சோறு. சைவம்போல் தெரிந்தாலும் அந்தக் குழம்பில் இறைச்சியோ விலங்குக் கொழுப்போ இருப்பது சாதாரணம். சைவர்கள் பதிவின்போதே கேளுங்கள். நம்பிக்கையான பதில் வராவிட்டால் சாப்பாடு இல்லாத பதிவு போட்டுவிட்டு ரொட்டி, வாழைப்பழம், முந்திரி, ஊரிலிருந்து கொண்டுபோன தின்பண்டம் என்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் கிடைக்கும் சோற்று உருண்டை நல்ல மலை உணவு. உமேபோஷி என்னும் புளிப்புப் பழ ஊறுகாய் வைத்தது பார்ப்பதற்குச் சைவம்தான், ஆனாலும் சில வகைகளில் மீன் சாறு கலந்திருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் உறையிலுள்ள பொருள் பட்டியலை மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிப் பாருங்கள்.

குடில் என்றால் விடுதி என்று எண்ணிப் போகாதீர்கள். வரிசையாகப் படுக்கை, தோளோடு தோள் மனிதர்கள், குளியல் கிடையாது, முகம் கழுவத் தண்ணீர் கிடையாது. மழைநீரையும் கீழிருந்து கொண்டுவரும் நீரையும் வைத்துத்தான் அவர்கள் பருவம் முழுவதையும் ஓட்டுகிறார்கள். எட்டு ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பார்கள், நள்ளிரவு தாண்டியதும் ஆட்கள் எழுந்து பை கட்டுகிற சத்தம் கேட்கும். காது அடைப்பான் கொண்டுபோங்கள்.

4. காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சுற்றுலா விசா விண்ணப்பத்தோடு நாள்வாரியான பயண நிரல் கேட்பார்கள். ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்று எழுத வேண்டும். மலையில் தங்கும் இரவுக்குக் குடிலின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிடுங்கள், அந்த இரவைக் காலியாக விடாதீர்கள். ஒருமுறை நுழையும் விசா கிடைத்ததிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் என்பதால் ஆகஸ்ட் ஏற்றத்துக்கு ஜூனில் விண்ணப்பிப்பது வசதி.

அடுத்து மலை நுழைவு. நான்கு பாதைக்கும் கட்டணம் 4,000 யென். யோஷிதாவுக்கு யமனாஷியின் அதிகாரப்பூர்வ தளத்தில் தேதி சொல்லி முன்கூட்டியே பணம் கட்டலாம், ஒரு கியூஆர் குறியீடு வரும். தென்புறத்துக்கு ஷிசுவோகாவின் "ஃபூஜி நாவி" செயலி. அதில் மலை விதிகளைப் பற்றிய சிறு பாடம் இருக்கும், பார்த்து முடித்தபின்தான் பதிவு நிறைவேறும். ஆங்கிலத்தில் உண்டு. வாயிலில் நின்றுகொண்டும் செய்யலாம் என்றாலும் பின்னால் வரிசை நிற்கும்போது செய்கிற வேலை இல்லை அது. விடுதியில் வைஃபை இருக்கும்போதே முடியுங்கள். ஒரு பக்கத்துக்குக் கட்டிய சீட்டு மறுபக்கத்து வாயிலில் செல்லாது. கடைசி நேரத்தில் பாதையை மாற்றுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

கியூஆர் குறியீடு, குடில் பதிவு உறுதி, கடவுச்சீட்டின் படம் மூன்றையும் திரைப்பிடிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் கைபேசி மின்கலம் சீக்கிரம் இறங்கும், அதனால் குடில் பதிவைக் காகிதத்திலும் ஒன்று வைப்பது நல்லது.

பயணக் காப்பீடு எடுக்கும்போது மலையேற்றம் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று எழுத்தில் கேளுங்கள். சில திட்டங்கள் 3,000 மீட்டரோடு நின்றுவிடும்.

5. உடுப்பும் பையும்

நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். டோக்கியோவில் 35 டிகிரியில் வியர்த்துக் கொட்டும் அதே நாளில் உச்சியில் விடியலுக்கு முன் ஐந்தாறு டிகிரிதான். காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு அது உறைபனி. யோஷிதா வாயிலில் செருப்பு, அரைக்கால் சட்டை என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் 2025 முதல் ஊழியர்களுக்கு உண்டு.

மழை உடுப்பு சட்டை, கால்சட்டை என இரண்டு துண்டாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் போர்வை மாதிரியான மழைக்கோட்டைக் காற்று தூக்கி முகத்தில் அடிக்கும், குடை முதல் நிமிடத்திலேயே திரும்பிவிடும். கணுக்கால் மூடும் காலணி, நெற்றி விளக்கு, கையுறை, கம்பளிக் குல்லாய், ஒரு கனமான மேலுடுப்பு. உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. தலைக்கவசம் இருந்தால் நல்லது, மேலே நடக்கிறவர் காலிலிருந்து கல் உருளும்.

இவற்றையெல்லாம் ஊரிலிருந்து வாங்கிச் சுமக்க வேண்டாம். டோக்கியோவின் ஷின்ஜுகுவிலும் மலையடிவாரத்துக் கவாகுச்சிகோவிலும் வாடகைக் கடைகள் இருக்கின்றன. காலணி, மழை உடுப்பு, பை சேர்ந்த தொகுப்பு 10,000 யென் முதல். காலணியை மட்டும் கடையிலேயே போட்டுப் படி ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடித்தால் ஒரு அளவு பெரியதாகக் கேளுங்கள்.

6. கையில் பணம்

இருவழிப் பேருந்து ஏறத்தாழ 8,000 யென், நுழைவு 4,000, குடில் 10,000 முதல் 17,000, வாடகை 10,000க்கு மேல், வழிச் செலவு 4,000 அளவு. மொத்தம் 40,000 யென் பக்கம் வரும். நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், மாற்று விகிதத்தைப் பொறுத்து.

இதில் நூறு யென் காசுகள் தனியாக இருபது வேண்டும். மலைக் கழிப்பறைகளுக்கு ஒவ்வொரு முறையும் 200, 300 யென். கதவருகே காசுப்பெட்டி இருக்கும், மீதி தர ஆள் எப்போதும் இருக்க மாட்டார். அரை லிட்டர் தண்ணீர் மேலே 500 யென் வரை. அதனால் கீழேயே ஒன்றரை லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். குப்பைத் தொட்டி எங்கும் கிடையாது, உங்கள் குப்பை உங்களோடுதான் இறங்க வேண்டும்.

ஐந்தாம் நிலைக் கடைகளில் மரத் தடி விற்பார்கள். ஒவ்வொரு குடிலிலும் நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு முத்திரையை அதில் அழுத்தித் தருவார்கள். மரம் கருகும் வாசனையோடு சின்னப் புகை எழும், குடிலின் பெயரும் உயரமும் தடியில் பதிந்திருக்கும். ஒவ்வொரு முத்திரைக்கும் சில நூறு யென். நான் ஆசைப்பட்டுச் செலவழித்த ஒரே காசு இதுதான், அதற்கும் சில்லறை வேண்டும்.

7. ஐந்தாம் நிலையிலிருந்து குடில் வரை

ஷின்ஜுகுவிலிருந்து யோஷிதாவின் ஐந்தாம் நிலைக்கு நேரடிப் பேருந்து இரண்டரை மணி நேரம். இருக்கை முன்பதிவு கட்டாயம், திரும்பும் பேருந்தையும் அப்போதே பிடியுங்கள். வாகனம் ஓட்டிப் போக நினைத்தால், பருவத்தில் பெரும்பாலான மலைச் சாலைகளில் சொந்த வாகனத்துக்குத் தடை. அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் பேருந்தில்தான் போக வேண்டும்.

காலை பத்துப் பதினொன்றுக்குள் அங்கே இருப்பதுபோல் பாருங்கள். இறங்கியதும் நடக்கத் தொடங்க வேண்டாம். ஒரு மணி நேரமாவது அங்கேயே சுற்றுங்கள், சாப்பிடுங்கள், உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகட்டும். உச்சியில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். தாகம் எடுக்கும்முன் குடியுங்கள். குடிலுக்குப் போனதும் படுத்துவிடாதீர்கள், தூங்கும்போது மூச்சு மெலிந்து தலைவலி கூடும். கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள். டப்பா ஆக்சிஜன் அந்த நிமிடத்துக்கு இதம், அவ்வளவுதான். உயரத்தால் வரும் தலைவலிக்கு மாத்திரை வேண்டுமென்றால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் ஒரே மருந்து கீழே இறங்குவது. உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று யாராவது சொன்னாலும் இறங்கிவிடுங்கள்.

8. விடியலும் உச்சியும்

எல்லோரும் உச்சியில் நின்றே சூரியனைப் பார்க்க வேண்டும் என்று நள்ளிரவில் கிளம்புவதால், எட்டாம் நிலைக்கு மேலே விளக்கு வரிசை நகராமல் நிற்கும். வழக்கமான நேரத்தைப்போல இருமடங்குகூட ஆகலாம். நின்று நின்று போவதில்தான் குளிர் எலும்புக்குள் இறங்கும். யோஷிதா, சுபாஷிரி, கோதெம்பா மூன்று பாதைகளிலும் மரங்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான இடங்களிலிருந்து சூரியன் எழுவது தெரியும். குடில் வாசலில் விடியலைப் பார்த்துவிட்டு, வெளிச்சத்தில், வெறிச்சோடிய பாதையில் ஏறுங்கள். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்வேன். ஃபுஜினோமியாவில் மட்டும் இது பொருந்தாது, அது தெற்குச் சரிவு.

யோஷிதா முடியும் இடம் மலையின் உச்சப் புள்ளி இல்லை. 3,776 மீட்டர் என்பது எரிமலை வாயின் மறுபக்கம் உள்ள கென்கமினே முகடு. வாயைச் சுற்றி வர மூன்று கிலோமீட்டர், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். காற்று பலமாக இருந்தால் சுற்ற வேண்டாம். விளிம்பில் தடுப்பு கிடையாது.

9. இறக்கம்

அதிகம் பேர் அடிபடுவதும் வழி தவறுவதும் இங்கேதான். யோஷிதாவில் இறங்கும் வழி தனி, சரளை கொட்டிய நீண்ட வளைவுச் சாலை. இந்த வழியில் எட்டாம் நிலைக்குக் கீழே வெகுதூரம் குடிலே கிடையாது, ஏழாம் நிலையில் ஒரு கழிப்பறை மட்டும். தண்ணீரை மேலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

முக்கியமான பொறி எட்டாம் நிலையில் எதோயா குடிலருகே. யோஷிதாவும் சுபாஷிரியும் இங்கே பிரிகின்றன. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தால் மலையின் வேறொரு பக்கத்தில், வேறொரு மாகாணத்தில் போய் இறங்குவீர்கள். பேருந்துப் பதிவு வீண், டாக்ஸிக்குப் பெருந்தொகை. நின்று பலகையைப் பாருங்கள்: மஞ்சள் யோஷிதா, சிவப்பு சுபாஷிரி.

சுபாஷிரியிலும் கோதெம்பாவிலும் கீழ்ப்பகுதி முழுக்க மணல் சரிவு. குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல், சின்ன அடியாக வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் கால் முழுதும் புதைந்து சறுக்கும். காலணிக்குள் கல் போகாமல் கணுக்கால் உறை, புழுதிக்கு முகக்கவசம் இரண்டும் இந்த இரண்டு பாதைகளுக்கும் கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்கள் மணலில் ஓடுகிறவர்களைப் பார்த்து ஓட வேண்டாம்.

திரும்பும் பேருந்தை, நீங்கள் கணக்குப் போட்ட நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தள்ளியே பதிவு செய்யுங்கள். மாற்று உடையும் சாதாரணச் செருப்பும் ஒரு சின்னப் பையில் கட்டி, ஏறும் முன்பே ஐந்தாம் நிலைப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். நேரம் மிச்சமிருந்தால் கவாகுச்சிகோவில் இறங்கி வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போகலாம். அங்கே தொட்டியில் இறங்கும் முன் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும், அந்தக் கரும்புழுதி ஒருமுறை தேய்த்தால் போகாது. வாடகைக் காலணியைத் திருப்பும் முன் உள்ளிருக்கும் சரளையைக் கொட்டிவிட்டு ஈரத் துணியால் துடைத்துக் கொடுங்கள். மிகவும் அழுக்காக இருந்தால் தனிக் கட்டணம் வாங்கும் கடைகளும் உண்டு.